வாய்க்கால் இருக்கிறது, வடிகால் இருக்கிறதா? பழைய காரின் மின்சுற்றைப் புரிந்துகொள்வது

ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும், கல்யாணத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ எடுக்கலாம் என்று கொட்டகைக் கதவைத் திறந்து பழைய அம்பாசடரின் சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மங்கலாக எரியும். செல்ஃப் ‘டக்’ என்ற ஒரே சத்தத்தோடு நின்றுவிடும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை பழைய வண்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பழகிய காட்சி. அடுத்து நடப்பதும் பழகியதுதான்: புது பாட்டரி வாங்குவார்கள். வண்டி இரண்டு வாரம் ஓடும், மறுபடி ‘டக்’. பிறகு டைனமோவைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுப்பார்கள், செல்ஃப் மோட்டாரைப் பிரிப்பார்கள். ஏழெட்டாயிரம் செலவான பிறகு, இஞ்சினையும் பாடியையும் இணைக்கிற ஒரு பட்டை ஒயர் பச்சைக் களிம்பு பூத்து நார்நாராகக் கிடப்பது கண்ணில் படும்.

பழைய காரின் மின்சுற்றில் மர்மம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. 1960-களின் ஒரு வண்டியின் முழு ஒயரிங்கையும் ஒரே தாளில் வரைந்துவிடலாம். அதைப் படிக்கத் தெரியாததால் வரும் சிக்கலைவிட, மின்சாரம் போகும் வழியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியைப் பார்க்காமல் விடுவதால் வரும் சிக்கல்தான் அதிகம். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. மேட்டூர் அணை மட்டம் வோல்ட். வாய்க்காலில் ஓடும் தண்ணீரின் அளவு ஆம்பியர். வாய்க்காலின் அகலம் ஒயரின் கனம். தலைமடையில் நிறைந்து ஓடும் தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் இளைத்துப்போவதுதான் வோல்டேஜ் டிராப். வயலுக்கு வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வடிகால். காரில் அந்த வடிகாலுக்குப் பெயர் எர்த்.

உவமை ஓரிடத்தில் உதவாது. வடிகால் அடைத்தாலும் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும். மின்சாரம் தேங்காது; திரும்பும் வழி இல்லையென்றால் புறப்படவே செய்யாது. பாட்டரியின் ஒரு முனையில் கிளம்பி, சுவிட்ச், பல்பு வழியாகப் போய், தகரப் பாடி வழியாகப் பாட்டரியின் மறுமுனைக்குத் திரும்பி வந்தால்தான் அது சுற்று. பழைய வண்டிகளில் பாதிச் சுற்று ஒயரே இல்லாமல் பாடித் தகரத்தால் ஆனது. அந்தத் தகரம் துருப்பிடிக்கும் ஊரில் வண்டியை வைத்திருக்கிறோம்.

எந்த முனை பாடியில்?

வேலை தொடங்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த வண்டிகள், அதாவது மாரிஸ் மைனர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த ஆரம்பகால அம்பாசடர் போன்றவை, 1960-களின் பிற்பகுதி வரை பாசிட்டிவ் எர்த். பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் பூட்டப்பட்டிருக்கும். ஃபியட் 1100, பிறகு அதிலிருந்து வந்த பத்மினி, வில்லிஸ் ஜீப் ஆகியவை நெகட்டிவ் எர்த். பழைய வில்லிஸ் 6 வோல்ட் என்பதும் நினைவில் இருக்கட்டும். இத்தனை ஆண்டுகளில் கைமாறிய வண்டிகள் பல இடையில் மாற்றப்பட்டிருக்கும். ஆகவே புத்தகத்தை நம்பாமல் பாட்டரியின் கொண்டையில் (கேபிள் பூட்டும் ஈய முனையில்) இருக்கும் குறியையும், அதிலிருந்து பாடிக்குப் போகும் கேபிளையும் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இன்றைய கார் ஒன்றிலிருந்து ஜம்பர் கேபிள் போடும்போது பாசிட்டிவை பாசிட்டிவோடும் நெகட்டிவை நெகட்டிவோடும் சரியாகவே இணைத்திருப்பார்கள். ஆனால் இரண்டு வண்டியின் பம்பரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே முழு ஷார்ட். ஒன்றின் பாடி பாசிட்டிவ், மற்றதன் பாடி நெகட்டிவ். கேபிள் உருகும், பாட்டரி வெடிக்கவும் கூடும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டே நிறுத்த வேண்டும்.

பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ் எர்த்தாக மாற்றுவது கடினமில்லை. பாட்டரியைத் திருப்பிப் பூட்டி, இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு ஒயர்களையும் இடம் மாற்றி, அம்மீட்டர் இருந்தால் அதன் ஒயர்களையும் மாற்றி, டைனமோவுக்குப் புது முனைப்பழக்கம் (செய்முறை கீழே) கொடுக்க வேண்டும். செல்ஃப் மோட்டாருக்கு எதுவும் செய்ய வேண்டாம். முனையை மாற்றினாலும் அது ஒரே திசையில்தான் சுற்றும். பல்பு, ஹாரன் எதற்கும் கவலையில்லை. டிரான்சிஸ்டர் உள்ள எதையும், குறிப்பாகப் பழைய ரேடியோவை, கழற்றிவிட வேண்டும். காயில் ஒயரை மாற்ற மறந்தால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பிளக்கில் பொறி தலைகீழ் முனையில் பாயும். அதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவை. மழைநாளில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும் வண்டிகளில் இதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பாட்டரி

இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஆகவே சுருக்கமாக. வண்டியை நிறுத்தி ஓர் இரவு கழித்து அளந்தால் 12.6 வோல்ட் என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே போய்விட்டால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்படியே வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. மூடி திறக்கும் பாட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ராமீட்டர்தான் நம்பகமான கருவி. நம் வெயிலுக்கு 1240-ஐ ஒட்டி எல்லா அறையும் (செல்லும்) ஒன்றுபோல் நின்றால் நல்லது. ஒரே ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 50 புள்ளி இறங்கியிருந்தால் அந்த பாட்டரி முடிந்தது.

நிறுத்தி வைத்த வண்டியில் பாட்டரி இறங்குவது வேறு சங்கதி. கடிகாரம், ரேடியோ இல்லாத பழைய காரில் சாவியை எடுத்த பிறகு ஒரு துளி மின்சாரமும் ஓடக் கூடாது. எர்த் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பாட்டரிக் கொண்டைக்கும் நடுவே ஒரு டெஸ்ட் லேம்ப் வையுங்கள். கதவெல்லாம் சாத்தியிருந்தும் லேம்ப் எரிந்தால் எங்கோ கசிகிறது. 50 மில்லிஆம்பியர் கசிவை டெஸ்ட் லேம்ப் சரியாகக் காட்டாது, மீட்டர் வேண்டும். அந்தச் சிறு கசிவே நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி; மூன்று வாரத்தில் 25. ஒரு 45 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதிக்கு மேல் போய்விட்டது. மழைக்காலம் முழுவதும் எடுக்காத வண்டிக்கு எர்த் கேபிளைக் கழற்றி வைப்பதுதான் மிக மலிவான மருந்து.

கொண்டையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றித் துடைக்க வேண்டும். கரைசல் அறைக்குள் இறங்கிவிடாமல் மூடிகளை இறுக்கிக்கொள்ளுங்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. பளபளப்பு வரும், ஆனால் புளியின் அமிலம் கேபிளின் நார்களுக்குள் இறங்கி மூன்று மாதத்தில் இன்னும் அதிகமாகக் களிம்பேற்றும். சோடா, பிறகு நல்ல தண்ணீர், நன்றாகக் காய்ந்த பிறகு இறுக்கிப் பூட்டி மேலே வாசலின்.

டைனமோவும் கட்-அவுட்டும்

இன்றைய கார்களில் ஆல்டர்னேட்டர், பழையவற்றில் டைனமோ. அம்பாசடர், மாரிஸ் வண்டிகளில் பெரும்பாலும் லூகாஸ் வகை. சென்னையில் பாடி என்ற இடத்தில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். இவற்றை இங்கேயே செய்ததால் பிரஷ் (கரித்துண்டு), புஷ் (அச்சைத் தாங்குவது), ஆர்மேச்சர் (உள்ளே சுற்றும் பகுதி) எல்லாம் இன்னும் தேடினால் கிடைக்கும். சி 39 வகை அதிகபட்சம் 19 ஆம்பியர் கொடுக்கும், சி 40 வகை 22. இந்த எண்ணை மனத்தில் வையுங்கள், விளக்குகளுக்கு வரும்போது தேவைப்படும்.

டைனமோ எப்படித் தொடங்குகிறது என்பது அழகான விஷயம். உள்ளே இருக்கும் இரும்பில் பழைய காந்தத்தின் எச்சம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். ஆர்மேச்சர் சுற்றும்போது அந்த எச்சத்திலிருந்து ஒன்றரை, இரண்டு வோல்ட் பிறக்கும். அது சுற்றாமல் நிற்கும் ஃபீல்டு காயிலுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும், கூடிய காந்தம் வோல்டேஜைக் கூட்டும். இப்படியே ஏறிக்கொண்டு போகும். எச்சக் காந்தம் எந்த முனையில் இருக்கிறதோ அந்த முனையில்தான் மின்சாரம் வரும். அதனால்தான் எர்த்தை மாற்றினாலும், காயில் கட்டி வந்த டைனமோவைப் பூட்டினாலும் முனைப்பழக்கம் கொடுக்க வேண்டியிருக்கிறது. டைனமோவின் சிறு முனையில், அதாவது ‘எஃப்’ முனையில் இருக்கும் ஒயரைக் கழற்றிவிட்டு, பாட்டரியின் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அந்த முனையில் இரண்டு மூன்று முறை ஒவ்வொரு நொடி தொட்டு எடுத்தால் போதும். பொறி டைனமோ பக்கம்தான் வர வேண்டும், பாட்டரி பக்கம் வரக் கூடாது. பாட்டரிக்கு மேலே நிற்கும் ஹைட்ரஜன் வாயு ஒரு பொறிக்கே பற்றும்.

இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ வோல்டேஜ் பாட்டரியைவிடக் குறைவு. நேராக இணைத்திருந்தால் பாட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கி டைனமோவுக்குள் பாயும். இதைத் தடுக்கும் மதகுதான் கட்-அவுட். டைனமோ 12.7 முதல் 13.3 வோல்ட் தொட்டதும் மதகு திறக்கும், இஞ்சின் வேகம் இறங்கி மின்சாரம் திரும்பத் தொடங்கியதும் சாத்திக்கொள்ளும். ஆற்றில் வெள்ளம் ஏறும்போது வடிகால் வழியாக ஊருக்குள் தண்ணீர் எதிர்த்து ஏறாமல் ஷட்டரை இறக்குவதும் இதே வேலைதான். அதே பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு காயில் ரெகுலேட்டர். வோல்டேஜ் எல்லை மீறியதும் ஃபீல்டு சுற்றில் ஒரு ரெசிஸ்டன்ஸைச் செருகிக் குறைக்கும், குறைந்ததும் எடுத்துவிடும். நொடிக்குப் பல தடவை துடித்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் இந்தப் பெட்டி முழுவதையுமே ‘கட்-அவுட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது என்பது இப்போது புரியும். அதன் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சில், மறுமுனை டைனமோவில். இஞ்சின் நிற்கும்போது பாட்டரி மின்சாரம் விளக்கு வழியாகப் போய் ஆர்மேச்சருக்குள் புகுந்து எர்த் ஆகிறது, விளக்கு எரிகிறது. டைனமோ ஏறியதும் இரு பக்கமும் ஒரே வோல்ட், விளக்கு அணைகிறது. ஆகவே சாவியைத் திருப்பியும் சிவப்பு எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கும், அல்லது டைனமோவின் பிரஷ், ஆர்மேச்சர் முனையில் இருக்கும் செம்புப் பட்டைகளான கம்யூட்டேட்டரைத் தொடவில்லை. வண்டி ஓடும்போதும் பிரகாசமாக எரிந்தால் பெல்ட், பிரஷ், ஃபீல்டு என்ற வரிசையில் தேட வேண்டும். ஓட்டத்தில், அதுவும் லைட் போட்ட பிறகு, லேசாகக் கனன்றால் டைனமோவைச் சந்தேகிக்காதீர்கள். கட்-அவுட் பாயிண்டிலோ இக்னிஷன் சுவிட்சிலோ அரை வோல்ட் தொலைகிறது என்று அர்த்தம்.

இஞ்சினை நிறுத்திய பிறகும் அம்மீட்டர் முள் இறக்கப் பக்கம் சாய்ந்தே நின்றால், அல்லது கட்-அவுட் பெட்டி சூடேறினால், உடனே பாட்டரி கேபிளைக் கழற்ற வேண்டும். மதகு திறந்தபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பாட்டரி முழுவதும் டைனமோ வழியாக வடிந்து போகும், அதற்குள் ஏதாவது ஒன்று கருகும்.

டைனமோவைக் கழற்றாமலே சோதிக்கலாம். முதலில் பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். பிறகு டைனமோவில் இருக்கும் இரண்டு ஒயரையும் எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோ உடலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். இஞ்சினை ஸ்டார்ட் செய்து மெல்ல வேகம் கூட்டினால் வோல்டேஜ் விறுவிறுவென ஏறும். 20 வோல்ட் வரை ஏறினால் டைனமோ நலம். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. எதுவுமே வரவில்லையென்றால் பிரஷ். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் ஃபீல்டு காயில். நாலைந்து வோல்டில் நின்றால் ஆர்மேச்சர். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் டைனமோவைக் காயில் கட்டக் கொடுப்பது வீண்செலவு.

டைனமோ நலமென்றால் ரெகுலேட்டர். இங்கேதான் அதிகம் கெடுப்பார்கள். பரவலான ஆர்.பி. 106 பெட்டியின் அளவை பாட்டரியை இணைத்து வைத்துப் பார்க்கக் கூடாது. ‘ஏ’, ‘ஏ1’ முனைகளின் ஒயர்களைக் கழற்றி, அந்த ஒயர்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்துவிட்டு, ‘டி’ முனைக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைக்க வேண்டும். இஞ்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் ஏறாமல் நிற்கும். 20 டிகிரியில் அது 16.0 முதல் 16.6 வோல்ட், நம் சித்திரை வெயிலில் 40 டிகிரி என்றால் 15.8 முதல் 16.4. இந்த எண்ணைப் பார்த்து, 14 வோல்ட்தானே வர வேண்டும் என்று திருகைத் தளர்த்திவிட்டால் அதற்குப் பிறகு பாட்டரி எந்நாளும் நிறையாது. பாட்டரி இணைந்ததும் வோல்டேஜ் தானாக இறங்கிவிடும், இது சுமையில்லாத அளவு. சோதனையை அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். காயில் சூடேறினால் அளவு மாறிவிடும்.

பாயிண்ட் தேய்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ரெகுலேட்டர் பாயிண்டை நைசான கார்பொரண்டம் கல்லால் தேய்க்கலாம். கட்-அவுட் பாயிண்ட் மென்மையான உலோகம், அதற்கு நைசான கிளாஸ் பேப்பர் மட்டும்தான். இரண்டையும் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து முடிக்க வேண்டும். டைனமோவின் பின்பக்க மூடியில் இருக்கும் சிறு துளையில் அவ்வப்போது சில சொட்டு இஞ்சின் ஆயில் விட மறக்கிறார்கள். அந்தப் புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் தொங்கிப்போய் ஃபீல்டு இரும்பில் உரசும், அப்போது மொத்தமும் போய்விடும்.

வடிகால்

டெல்டாவில் ஓடும் பழைய வண்டிகளின் மின்கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான். வேதாரண்யம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி பக்கம் உப்புக்காற்று. உள்ளே வந்தால் வருடத்தில் பாதி நாள் ஈரம். மட்கார்டு ஓட்டையாகும், டிங்கரிங் செய்வார்கள், பட்டி பார்ப்பார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். விளக்கு ஹோல்டரை அந்தப் புது பெயிண்டின் மேலேயே திருகுவார்கள். வெளியே பளபளவென்றிருக்கும், எர்த் போய்விட்டிருக்கும்.

இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு. பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்கும், அல்லது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் துடிக்கும். வடிகால் அடைத்தால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலுக்குள் போவதுபோல, திரும்பும் வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் தலைகீழாகப் போய் அந்தப் பக்கத்து எர்த்தைப் பிடிக்கிறது. சுவிட்சை மாற்றியோ ஃபிளாஷரை மாற்றியோ இது தீராது. ஹோல்டரின் திருகைக் கழற்றி, தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, பல்வாஷர் போட்டு, மேலே வாசலின் தடவிப் பூட்டினால் தீரும். அதைவிட நல்லது, ஒவ்வொரு விளக்கு ஹோல்டரிலிருந்தும் ஒரு கறுப்பு ஒயரைத் தனியாக இழுத்து ஓரிடத்தில் எர்த் செய்துவிடுவது. நம் ஈரத்துக்கு இதையே பரிந்துரைப்போம்.

எவ்வளவு இழக்கிறோம் என்று கணக்குப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 45 வாட் ஹெட்லைட் பல்பின் ரெசிஸ்டன்ஸ், எரியும்போது, ஏறத்தாழ 3.2 ஓம். துருப்பிடித்த எர்த் வெறும் அரை ஓம் சேர்த்தால் பல்புக்குக் கிடைப்பது 12 வோல்டில் 10.4 மட்டும். பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேராகக் குறையாது, அதைவிட மிக வேகமாகக் குறையும். ஒரு வோல்ட் குறைந்தாலே கால்வாசி வெளிச்சம் போய்விடும், 10.4 வோல்டில் அறுபது சதவீதம்தான் மிச்சம்.

செல்ஃப் மோட்டாரில் இது இன்னும் கடுமை. குளிர்ந்த இஞ்சினைச் சுற்ற 150 ஆம்பியர் வரை இழுக்கும். வழியில் 0.02 ஓம் இருந்தாலே 3 வோல்ட் தொலைந்தது. 0.02 ஓமை நம் கைமீட்டர் காட்டாது. ஓம் வைத்துப் பார்த்தால் கேபிள் சரி என்றே சொல்லும். ஆகவே சுமை ஓடும்போது வோல்ட்தான் அளக்க வேண்டும். இக்னிஷன் காயிலின் வெள்ளை ஒயரைக் கழற்றிவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் கொண்டையில், கிளாம்பில் அல்லாமல் கொண்டையின் ஈயத்திலேயே, வையுங்கள். மற்றதை இஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கால் வோல்டுக்குள் இருந்தால் வடிகால் சரி. அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் கொண்டையிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து பாடி, பாடியிலிருந்து இஞ்சின் என்று ஒவ்வொரு கண்ணியாக அளந்துகொண்டே வந்தால் குற்றவாளி தானாகத் தெரியும். இதேபோல் மறுமுனைக் கொண்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே அரை வோல்டுக்குள் இருக்க வேண்டும்.

இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதை பாடியோடு மின்சாரத்தால் இணைப்பது அந்தப் பட்டை ஒயர் ஒன்றுதான். அது அறுந்தால் செல்ஃப் மின்சாரம் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுட்டால், அல்லது திடீரென்று இறுகிப்போனால், காரணம் இது. மாற்றுப் பட்டை விலை மலிவு. மெக்கானிக்கிடம் சொல்லி இரண்டாகவே போட்டுக்கொள்ளலாம்.

டெல்கோ பக்கம்

இக்னிஷனுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். இங்கே தேவையானது மட்டும். லூகாஸ் டெல்கோவில், அதாவது பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், சி.பி. பாயிண்ட் (காயில் சுற்றைத் திறந்து மூடும் காண்டாக்ட் பிரேக்கர்) இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். அம்பாசடரின் ஃபயரிங் வரிசை 1-3-4-2. சாவியைப் போட்டு இஞ்சினை ஓட்டாமல் விட்டால், பாயிண்ட் மூடிய நிலையில் காயில் வழியாக 4 ஆம்பியர் வரை ஓடிக்கொண்டே இருக்கும். காயில் சுடும், உருகவும் செய்யும். பாயிண்ட் நீலமாகக் கருகினால் கண்டன்சர் போயிருக்கிறது. மழைநாளில் வண்டி திக்கினால் இரவில் போனட்டைத் திறந்து பாருங்கள். டெல்கோ மூடியிலோ ஹைடென்ஷன் ஒயரிலோ நீலப் பொறி ஊர்வது இருட்டில் தெளிவாகத் தெரியும். மூடியின் உள்ளே மெல்லிய கரிக்கோடு விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மழை ராத்திரிக் கணக்கு

22 ஆம்பியர் என்ற எண்ணுக்கு இப்போது வரலாம். இரண்டு ஹெட்லைட் 45 வாட் வீதம் 7.5 ஆம்பியர். பார்க்கிங், டெயில், நம்பர் பிளேட், மீட்டர் விளக்குகள் சேர்ந்து 3. இக்னிஷன் 2 முதல் 3. வைப்பர் ஏறத்தாழ 3. ஆக 16 ஆம்பியர் சொச்சம். சாலை வேகத்தில் டைனமோ இதைத் தாங்கி, பாட்டரிக்கும் கொஞ்சம் ஊட்டும். ஆனால் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டோ, ரயில்வே கேட்டில் லைட்டோடு நின்றுகொண்டோ இருந்தால் மதகு சாத்தியிருக்கிறது. 16 ஆம்பியரும் பாட்டரியிலிருந்துதான். அரை மணிக்கு 8 ஆம்பியர்-மணி காலி. இது கோளாறு இல்லை, டைனமோவின் இயல்பு. நிற்கும்போது ஹெட்லைட்டை அணைத்துப் பார்க்கிங்கில் விடுவது அந்தக்கால ஓட்டுநர்களின் பழக்கமாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

இதன்மேல் 60/55 வாட் ஹாலஜனும், பம்பரில் 55 வாட் ஃபாக் லேம்ப் இரண்டும் போட்டால் 27 ஆம்பியரைத் தாண்டும். எந்த டைனமோவும் தாங்காது. போதாததற்கு, பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் சுவிட்ச் வழியாகவும் காலடி டிப்பர் வழியாகவும் போகிறது, நடுவில் ஃபியூஸே கிடையாது. வண்டியில் இருப்பதே இரண்டு ஃபியூஸ்தான்: ஹாரன், உள்விளக்குக்கு ஒன்று, இக்னிஷனோடு சேர்ந்து வரும் வைப்பர், இண்டிகேட்டர், பிரேக் லைட்டுக்கு ஒன்று. அதில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸை அந்த இடத்தில் போட்டால் ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் உருகிவிடும். 17 அல்லது 20 போதும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது நல்ல முதலீடு. பழைய சுவிட்ச் ரிலேயின் சிறு காயிலை மட்டும் இயக்கும், கனமான மின்சாரம் குறுக்குவழியில் பல்புக்குப் போகும். ஆனால் ரிலேக்கான மின்சாரத்தைப் பாட்டரிக் கொண்டையிலிருந்து எடுக்காமல் கட்-அவுட் பெட்டியின் ‘ஏ1’ முனையிலிருந்து எடுக்க வேண்டும். சுமை எவ்வளவு என்று ரெகுலேட்டருக்கு அந்த முனை வழியாகத்தான் தெரிகிறது. ரிலேக்கு முன் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். இரவில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி ஆல்டர்னேட்டர் போட்டுக்கொள்வதில் தவறில்லை. விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் வண்டிக்கு டைனமோவே போதும், அதை அப்படியே விடுவதுதான் அழகும்கூட. ஆல்டர்னேட்டர் போட்டால் ஓடும்போது பாட்டரி கேபிளைக் கழற்றிப் பார்க்கும் பழைய சோதனையை மறந்துவிட வேண்டும். உள்ளே டயோடு போய்விடும்.

ஒயர், நிறம், எலி

லூகாஸ் ஒயரிங்கில் நிறமே பாதை காட்டும். பழுப்பு, பாட்டரியிலிருந்து நேராக வருவது, ஃபியூஸ் இல்லை. வெள்ளை, சாவி போட்டால் வருவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் தாண்டியது. ஊதா, எப்போதும் இருக்கும், ஃபியூஸ் உண்டு. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங்கும் டெயிலும், மஞ்சள் டைனமோ, கறுப்பு எர்த். துணி சுற்றிய பழைய ஒயரில் நிறம் மங்கியிருந்தால் கிளிப்புக்கு அடியிலோ டேப்புக்குள்ளோ பார்த்தால் அசல் நிறம் தெரியும். ஐம்பது வருடத்தில் யார் யாரோ கையில் கிடைத்த ஒயரைப் போட்டு ஒட்டியிருப்பார்கள், ஆகவே நிறத்தை நம்பினாலும் டெஸ்ட் லேம்ப் வைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சம்பா அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடியதும் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும் கார், போனட்டுக்குள் இருட்டும் கதகதப்பும், அவற்றுக்கு நல்ல வளை. தை, மாசியில் வண்டியை எடுக்கும் முன் போனட்டைத் திறந்து, ஃபயர்வால் ஓரம் போகும் கட்டு ஒயரை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. செம்பு தெரியும் இடம் ஒன்று இருந்தாலும் அதிர்வில் பாடியைத் தொட்டால் ஷார்ட். ஃபியூஸ் இல்லாத பழுப்பு ஒயரில் ஷார்ட் ஆனால் புகைதான் வரும்.

ஒட்டுப்போடும்போது வீட்டுக்குப் போடும் ஒற்றைக்கம்பி ஒயர் வேண்டாம், அதிர்வில் முறிந்துவிடும். 14 இழை, 0.30 மில்லிமீட்டர் ஒயர் 8 ஆம்பியர் தாங்கும், சிறு விளக்குகளுக்குப் போதும். ஹெட்லைட்டுக்கு 28 இழை, 17 ஆம்பியர். கட்-அவுட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே 65 இழை. முறுக்கி டேப் ஒட்டினால் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. கிரிம்ப் செய்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும்.

ஒயரிங் மாற்றி முடித்த வண்டிக்கு முதல் தடவை பாட்டரி கொடுக்கும்போது எர்த் கேபிளை நேராகப் பூட்டாமல், கொண்டைக்கும் கேபிளுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வைத்துப் பாருங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்க, பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பல்பு நடுவில் நிற்பதால் எதுவும் கருகாது, நிதானமாகத் தேடலாம். மங்கலாக எரிந்தால் ஏதோ ஒரு விளக்கு அணையாமல் இருக்கிறது, பெரும்பாலும் கதவு விளக்கு. பல்பு அணைந்தே இருந்தால் கேபிளைப் பூட்டிவிடலாம்.